வலப்பக்கத்து இருக்கை

1988 மார்ச் 5, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பின்னறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது. வாளி வைத்தாயிற்று.

வாங்க: கோதுமை மா, செத்தல் மிளகாய், இவருடைய கண் மருந்து (முடிவதற்குள்), தர்ஷிக்குப் பள்ளிக்கூடக் காலுறை.

கண் மருந்தைக் கடைப் பட்டியலில் எழுத முதல் மாதம் கை வரவில்லை. இப்போது மிளகாய்க்குப் பக்கத்தில் அதுவும் ஒரு சாமான்.

மத்தியானத்திலிருந்து இவர் டெலிபோனில். அந்தப் பக்கம் நியூஜெர்சி சிவா, இவருடைய சித்தப்பாவின் மகன். அண்ணை கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை. பேச்சு முழுக்கக் கார். நிலத்தோடு நிலமாகக் கிடக்கும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். முன்னால் இரண்டு பேர். பின்னாலும் ஒரு சீட் இருக்கிறதாம். தர்ஷி காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தால் உட்காரலாம்.

எனக்கு விளங்கிய மட்டில்: ஜெர்மன்காரன் ஒரே காரை இரண்டு விதமாகச் செய்கிறான். அமெரிக்காவுக்கு அனுப்புவதை முன்னும் பின்னும் பெரிய பம்பர் வைத்து, அங்குள்ள புகைச் சட்டத்துக்காக எஞ்சினின் மூச்சை அடக்கி. ஐரோப்பாவுக்கு உள்ள பலத்தோடு அப்படியே. இந்த ஐரோப்பியக் காரைச் சிலர் ஆசைப்பட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அங்கே அதற்குக் கடதாசி எடுப்பதும் கரைச்சல், இன்ஷூரன்ஸும் கரைச்சல். வாங்க ஆளில்லை, ஆகவே மலிவு. வாங்கிக் கப்பலில் ஏற்றினால் இங்கே லண்டன் விலையில் பாதிக்கும் குறைவு என்கிறார்.

"யூரோப்பியன் ஸ்பெசிஃபிகேஷன்" என்று இவர் சொல்வதைக் கேட்டால் தேவாரம் படிக்கிறார் என்று நினைக்கலாம்.

நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 6, ஞாயிறு

வெயில் மாதிரி ஒன்று. பத்து மணிக்குப் போய்விட்டது.

ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பதை எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல.

ஜனவரியில் ஆஸ்பத்திரி. கண் டொக்டர் மதுரைக்காரர். எங்கள் பெயரைப் பார்த்ததுமே தமிழில் தொடங்கிவிட்டார். "சார், கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி. வலது கண்ல பார்வை பெரும்பாலும் போயிருச்சு. இடது கண்ல ஓரமெல்லாம் போக ஆரம்பிச்சிருக்கு. போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு மருந்து." இவர் கேட்ட முதல் கேள்வி, கார் ஓடலாமோ என்று. "லைசென்ஸ் ஆபீஸுக்கு நீங்களே சொல்லணும் சார். அவங்க டெஸ்ட் பண்ணிச் சொல்வாங்க. ஜூன்ல மறுபடி வாங்க, பாப்போம். அதுவரைக்கும் ஓட்ட வேணாம்னுதான் நான் சொல்வேன்."

வெளியே கார்ப் பார்க்கில் வந்து நின்று இவர் சொன்னது: "ஜூன் வரைக்கும் இருக்கு." டொக்டரின் கடைசி வசனம் இவர் காதில் விழவேயில்லை. திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து, ஏறி, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் பேசாமல் இருந்தேன். அன்றைக்குத் தொடங்கிய பேசாமல் இருப்பு.

லைசென்ஸ் ஆபீஸுக்குச் சொல்லவில்லை. சொந்தக்காரருக்கும் சொல்லவில்லை. இந்த இரண்டாவதில் எனக்கும் பங்கு. கண் வருத்தம் பரம்பரை என்று ஒரு கதை கிளம்பினால், நாளைக்குத் தர்ஷிக்குச் சம்பந்தம் பேசும்போது அந்தக் கதை எங்களுக்கு முன்னால் போய் இருக்கும். பிள்ளைக்கு இப்போது பதினாலு வயது. சிரிப்பு வருகிறது. ஆனாலும் ஹரோவில் இருக்கும் ராணி மச்சாளுக்கே, இவருடைய கூடப்பிறந்த அக்காவுக்கே, மூச்சு விடவில்லை.

கம்பஸில் படித்த காலத்தில் ஒரு புத்தகத்தில் அந்தக் காரின் படத்தைப் பார்த்தாராம். அன்றிலிருந்து ஆசை. இத்தனை வருஷமாக வீடு, அக்காமாரின் கலியாணக் கடன், தர்ஷி என்று தள்ளிப் போட்டதை இப்போது ஜூனுக்குள் முடிக்கப் பார்க்கிறார். இதற்கு நான் என்ன சொல்ல. வேண்டாம் என்றால் உங்களுக்குக் கண் போகிறது என்று முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும். ஓம் என்றால் எங்களை எல்லாரையும் சேர்த்து எங்கேயாவது மோதுங்கள் என்பதாகிவிடும்.

தேத்தண்ணியை இவருக்கு இடப்பக்கமாக வைக்கப் பழகிவிட்டேன். வலப்பக்கம் வைத்தால் தட்டி ஊற்றிவிடுகிறார். நான் இடம் மாற்றியதை இவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 9, புதன்

குளிர். வேலையில், பள்ளிக்கூடச் சமையலறையில், இன்றைக்கு மீன் வறுவல். தலைமயிரெல்லாம் எண்ணெய் மணம்.

சிவா கார் கண்டுபிடித்துவிட்டான். இங்கிலாந்திலிருந்து படிப்பிக்கப் போன ஓர் ஆசிரியை, போகும்போது தன் காரையும் கொண்டுபோயிருக்கிறா. ஐரோப்பியக் கார், அதிலும் இங்கிலாந்துக்கென்றே செய்தது. ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே வலப்பக்க ஸ்டியரிங்கை வைத்து என்ன செய்வது, ஆகவே விற்கிறா. வெள்ளி நிறம். சுரண்டல் ஒன்றும் இல்லை.

டெலிபோனை என்னிடமும் தந்தார். சிவா: "அண்ணி, அதிஷ்டம் அண்ணி. இப்பிடி ஒண்டு இஞ்சை கிடைக்கவே கிடைக்காது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுத்தாச் சரி."

இவர் முகத்தில் ஜனவரிக்குப் பிறகு முதல் தரம் வெளிச்சம். சமையலறைக்குள் வந்து பானை மூடியைத் திறந்து பார்த்து, மூடி, ஒரு காரணமும் இல்லாமல் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை.

கலண்டரைப் பார்த்தேன். டூட்டிங் கடையில் தைப்பொங்கலுக்குத் தந்தது. வெள்ளி அட்டமி. சனி நவமி.

மார்ச் 10, வியாழன்

காலையில் இவர் வேலைக்குப் போனதும் மச்சாளுக்கு டெலிபோன் எடுத்தேன். சும்மா சுகம் விசாரிக்க. அப்படியே பேச்சோடு பேச்சாக, கார் ஒன்று வாங்கப் போகிறார், நாளைக்கு அட்வான்ஸ் என்றேன். அதற்கு மேல் நான் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பின்னேரம் இவர் சப்பாத்து கழற்றுவதற்குள் டெலிபோன் அடித்தது. மச்சாளின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது. "தம்பி, உனக்கென்ன விசரோ? அட்டமியிலை ஆரும் வாகனத்துக்குக் காசு குடுப்பினமோ? ஞாயிறு வரைக்கும் பொறு."

நான் சொன்னால் மூடநம்பிக்கை. அக்கா சொன்னால் சாஸ்திரம்.

பிறகு நியூஜெர்சிக்கு. அங்கே மணித்தியாலம் பிந்தித்தானே அட்டமி வரும், இங்கே முடிந்த பிறகு அங்கே மிச்சம் இருக்குமோ, காசு லண்டனில் இருந்து போவதால் லண்டன் அட்டமியோ, கார் அங்கே நிற்பதால் அமெரிக்க அட்டமியோ என்று இரண்டு எஞ்சினியர்மார் இருந்து ஆராய்ச்சி. சிவா ஆபீஸில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவன். கடைசியில் இரண்டு ஊருக்கும் பொதுவாக ஞாயிற்றுக்கிழமை என்று தீர்மானம்.

இவர் இதையெல்லாம் முந்தி நக்கலடிக்கிற ஆள். எங்கள் கலியாணத்துக்கே நாள் பார்க்க வேண்டாம் என்று நின்றவர். இன்றைக்கு டெலிபோனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கண் இப்பிடி இருக்கேக்கை ஏன் வீண் சோலி. ரெண்டு நாள்தானே." அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பயந்துபோன மனிதரைப் பயம் காட்டி நிறுத்தியிருக்கிறேன்.

ஆனாலும் இரண்டு நாளில் அந்தக் கார் விற்றுப் போகாதா என்று ஒரு நப்பாசை.

மார்ச் 13, ஞாயிறு

விற்றுப் போய்விட்டது.

சனிக்கிழமை யாரோ ஒரு வெள்ளைக்காரன் வந்து பார்த்து, அந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அவனுக்கு நவமி இல்லை.

சிவா டெலிபோனில் அழாக் குறை. "என்ரை பிழை அண்ணை. நான் என்ரை காசைக் குடுத்துப் பிடிச்சிருக்க வேணும்." இவர் "பரவாயில்லையடா" என்றார். மூன்று தரம் சொன்னார். பிறகு தோட்டத்தில் போய் நின்றார். மழையில்.

எனக்குச் சந்தோஷம். எழுதிவிட்டேன். இறால் வாங்கிக் குழம்பு வைத்தேன், புட்டும் அவித்தேன். தர்ஷி கேட்டாள், "அம்மா, வட்ஸ் த ஒகேஷன்?" ஒன்றுமில்லை, சாப்பிடு என்றேன்.

மார்ச் 20, ஞாயிறு

காற்று. பக்கத்து வீட்டு வேலி சரிந்துவிட்டது.

சிவா கார் வாங்கிவிட்டான்.

கேட்காமல். தன் காசில். எங்களிடம் கேட்டால் மறுபடி நாள், நட்சத்திரம் என்று இழுபடும் என்று அவனாகவே தேடி, அவனாகவே நாள் பார்த்து, இன்றைக்கு வளர்பிறை என்று காலையிலேயே போய் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு டெலிபோன் எடுக்கிறான். "அண்ணை, வாங்கிப் போட்டன். காசை ஆறுதலாத் தாங்கோ. தராட்டிலும் பரவாயில்லை. என்னைக் கம்பஸிலை சேர்த்துவிட்டதே நீங்கள்தானே."

அதே நிறம். அதே சாதி. ஜெர்மனியிலிருந்து ஒரு அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் கொண்டு வந்தது. ஐரோப்பிய ஸ்பெசிஃபிகேஷன்தான், ஆனால் ஜெர்மன் ஐரோப்பா. ஸ்டியரிங் இடப்பக்கம்.

நான் எக்ஸ்டென்ஷன் டெலிபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். சிவா சிரித்துக்கொண்டே சொல்கிறான்: "இடப்பக்க ஸ்டியரிங் உங்களுக்கு ஒரு பிரச்சினையே அண்ணை? உங்கடை கண் என்ன கண். பஸ் முடக்கிலை திரும்பேக்கையே நம்பர் சொல்லுற ஆளெல்லோ."

"ஓம்" என்றார் இவர். அவரும் சிரித்தார்.

தம்பி ஒருவன் நன்றிக்காக வாங்கித் தந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. சொன்னால் காரணம் கேட்பான். காரணம் சொன்னால் ஹரோவுக்குப் போகும், ஹரோவிலிருந்து எங்கும் போகும். இவர் டெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அவர் கண்ணில் சந்தோஷமும் இருந்தது, அது எனக்குத் தெரிந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் இடப்பக்கம் இருந்து ஓடினால் முன்னால் போகிற வாகனத்தைத் தாண்ட ரோட்டு தெரியாது. வலப்பக்கம் இருக்கிற ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இவருக்கோ வலப்பக்கமே இல்லை.

வலப்பக்கம் நான்.

அட்டமி என்று நான் தடுக்காவிட்டால் ஸ்டியரிங் வலப்பக்கத்தில் இருந்த நல்ல கார் வந்திருக்கும். மச்சாளுக்கு டெலிபோன் எடுத்த கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஏப்ரல் 9, சனி

படங்கள் தபாலில் வந்தன. காரின் முன்பக்கம், பின்பக்கம், எஞ்சின். ஒன்றில் சிவா காருக்கு மாலை போட்டுக்கொண்டு நிற்கிறான், பிளாஸ்டிக் பூ.

தர்ஷி: "அப்பா, இற்ஸ் லைக் அ மிட்லைஃப் திங்." இவர் சிரித்துவிட்டுப் படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் இடப்பக்கமாகச் சரித்து. பிறகு மற்றப் பக்கம் சரித்து. துண்டு துண்டாகப் பார்த்துச் சேர்க்கிறார்.

எங்கள் பழைய நீலக் காரைக் குட்மேய்ஸில் ஒரு குடும்பத்துக்கு விற்கப் பேசியாயிற்று. அடுத்த சனி வந்து எடுப்பார்கள்.

ஏப்ரல் 14, வியாழன்

நேற்று வருஷப் பிறப்பு. மச்சாள் வீட்டில் சாப்பாடு. போகும் வழியில் நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

நீலக் காரில்தான். பெரிய சந்தி இல்லை, சின்ன வீதி. தள்ளுவண்டியோடு ஒரு பெண் வலப்பக்கத்திலிருந்து கடக்கிறாள். நல்ல சிவப்பு மேல்சட்டை. இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் "நில்லுங்கோ" என்று கத்தினேன். நின்றார். அந்தப் பெண் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். தன்னைக் கண்டுதான் நிறுத்தினார் என்று நினைத்திருப்பாள்.

பின் சீட்டில் தர்ஷி காதில் பாட்டு மெஷின். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இவர் கொஞ்சத் தூரம் போய் ஓரமாக நிறுத்தினார். "வெயில் கண்ணுக்கை அடிச்சிட்டுது" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது.

மச்சாள் வீட்டில் வடை, பாயசம், கார்க் கதை. இவர் இரண்டு தரம் கறி போட்டுச் சாப்பிட்டார். "கார் வரட்டும், பிறைட்டன் வரைக்கும் ஒரு ஓட்டம்" என்றார் எல்லாருக்கும் கேட்க.

ஏப்ரல் 26, செவ்வாய்

வெயில். சமையலறையில் ஜன்னல் திறந்து வைத்தோம்.

வேலை முடிந்து வரும்போது கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்குப் பக்கத்து டெலிபோன் பெட்டிக்குள் போனேன். லைசென்ஸ் ஆபீஸ் நம்பர் கையில் இருந்தது. வீட்டிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. எடுத்தேன். ஒரு பெண், நல்ல தன்மையான குரல். எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கண் சரியில்லை, அவர் கார் ஓடுகிறார் என்றேன். "டிரைவரின் முழுப் பெயர் சொல்லுங்கள்" என்றாள்.

பாங்கில் சொல்லியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறேன், தர்ஷியின் பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கிறேன். வீட்டில்தான் சொல்வதில்லை. இன்றைக்கு அந்தப் பெயர் வரவில்லை. அந்தப் பெண் "ஹலோ, ஹலோ" என்றாள். வெளியே ஒரு கிழவன் கண்ணாடியில் தட்டினான், அவனுக்கும் பேச வேண்டுமாம்.

வைத்துவிட்டேன்.

வரும் வழியில் வெண்டிக்காய் வாங்கினேன். முற்றல். கவனிக்கவில்லை.

மே 14, சனி

கார் வந்துவிட்டது.

துறைமுகத்திலிருந்து ஒரு கராஜுக்கு வந்து, அங்கே பரிசோதனை, நம்பர் எல்லாம் முடிந்து, கராஜ்காரன் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனான். வீதியில் உள்ள பொடியன்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். வடிவுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளி நிறம், மழைத் துளி நிற்காமல் வழுக்கி ஓடுகிறது. இவர் அதைத் தடவிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். வலது முழங்காலைக் கேற்றில் இடித்துக்கொண்டார். நொந்ததாகக் காட்டவில்லை.

மச்சாளின் உத்தரவு: நாளைக்கு அமாவாசை, தொடவே கூடாது. வெள்ளிக்கிழமை கோயில் பூசை. அதற்குப் பிறகுதான் ஓட்டம்.

ஆறு நாள் லாபம். மச்சாள் நீடூழி வாழ்க.

மே 20, வெள்ளி

கோயில். வாங்கியது: எலுமிச்சங்காய், தேங்காய், பூ, கற்பூரம். மச்சாள் பொங்கல் கொண்டுவந்தார்.

இங்கிருந்து கோயிலுக்கு நேர் ரோட்டு, இவர் மெல்ல ஓடினார். நான் வலப்பக்கம். இருபது வருஷம் இடப்பக்கம் இருந்த உடம்பு. இப்போது டிரைவர் இருக்கிற இடத்தில் இருக்கிறேன், முன்னால் ஸ்டியரிங் இல்லை, காலுக்குக் கீழே பிரேக் இல்லை. காலால் தரையை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் நோகிறது. எதிரே வருகிற பஸ் நேரே என் மடிக்குள் வருகிறது.

மீற்றர் கிலோமீற்றரில். அறுபது என்று காட்டினதும் கதவைப் பிடித்துக்கொண்டேன். இங்கத்தைய மைல் கணக்கில் நாற்பதுக்குள்தானாம்.

ஐயர் நாலு சில்லுக்கும் எலுமிச்சங்காய் வைத்து, தேங்காய் உடைத்து, தீபம் காட்டிவிட்டுப் பழக்கதோஷத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே நான். எனக்கு விபூதி பூசி, "கவனமா ஓடுங்கோ தங்கச்சி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவர்தான் ஆகக் கூடச் சிரித்தார்.

எனக்கு இரண்டு தரம் டிரைவிங் டெஸ்ட் பெயில். மூன்றாம் தரம் எடுக்கச் சொல்லி இவர் எவ்வளவோ சொன்னவர். "நீங்கள் இருக்கிறியள்தானே" என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது இவர் சொன்னார், முன்னால் பார்த்தபடியே: "இஞ்சாரும். தாண்டுற இடத்திலை நீர் பார்த்துச் சொன்னாத்தான் நான் வெளியிலை எடுப்பன். நீர் சொல்லாமல் எடுக்க மாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதோடு ஸ்டியரிங்கில் வைத்திருந்த குங்குமத்தைத் தொட்டுக் கொஞ்சம் என் நெற்றியில் வைத்தார். கை குறி தவறி மூக்கில்.

மே 22, ஞாயிறு

நல்ல வெயில். நாளைக்கு அட்டமி, போவதென்றால் இன்றைக்குத்தான் என்றார். என் ஆயுதத்தை எனக்கே திருப்பிவிட்டார்.

தர்ஷியைக் கூட்டிப் போகவில்லை. பரீட்சை வருகிறது, படி என்று நான்தான் இருத்தினேன். "ஐ டோண்ட் ஃபிட் எனிவே" என்றாள். வாசல் வரை வந்து கை காட்டினாள். ஏதோ தூரப் பயணம் போகிற மாதிரி நானும் வீதி முடியும் வரைக்கும் கை காட்டினேன்.

கொண்டுபோனது: கட்டுச் சாதம், பிளாஸ்கில் தேத்தண்ணி, கண் மருந்து, கூலிங் கிளாஸ்.

மோட்டார் வேயில் நல்ல பிள்ளையாக இடது ஓரத்தில் ஓடினார். லொறிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு பொடியன் எட்டிப் பார்த்துச் சிரித்தான், இந்தக் காரை வைத்துக்கொண்டு இந்த ஓட்டமா என்று. இவர் காணவில்லை.

டோர்கிங் தாண்டிக் கடல் பக்கம் போகிற ஒற்றை ரோட்டு. இரண்டு பக்கமும் வேலி, பூ, பச்சை. இதற்குத்தான் இந்தக் கார் என்றார். எஞ்சின் சத்தத்தில் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். ஒரு பத்து நிமிஷம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இவர் வாய்க்குள் ஏதோ பழைய பாட்டு முணுமுணுத்தார். கலியாணம் முடித்த புதிதில் கேட்டது. இப்படியே போய்க்கொண்டே இருந்தால் என்ன, ஜூன் வராமல், என்று நினைத்தேன்.

பிறகு முன்னால் ஒரு ட்ராக்டர். வைக்கோல் ஏற்றிக்கொண்டு நடைவேகத்தில்.

"பார்த்துச் சொல்லும்" என்றார்.

எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கார் வந்தது. "பொறுங்கோ." அது போனது. பின்னால் ஒரு வான். "பொறுங்கோ." அதுவும் போனது. இரண்டும் உண்மை.

"இப்ப வரலாமோ?"

ரோட்டு நேரே இறங்கி அடுத்த மேடு வரைக்கும் போகிறது. ஒன்றும் இல்லை. ஒரு வாகனம் இல்லை, ஒரு சைக்கிள் இல்லை, ரோட்டில் வெயில் மட்டும் கிடந்தது. ட்ராக்டர்காரன் எங்களுக்காகத் தன் வண்டியை ஓரம் ஒதுக்கிவிட்டுக் கையால் வா வா என்று சைகை காட்டினான். எனக்கு முழுக்கத் தெரிந்தது. இடப்பக்கம் இருந்தாலும் இப்போது எவருக்கும் தெரியும்.

"பொறுங்கோ. லொறி ஒண்டு வருது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு காத்திருந்தேன். எங்கையப்பா லொறி, உமக்கென்ன கண் தெரியேல்லையே என்று ஏசுவார் என்று. ஏச வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஏசியிருந்தால் இந்தக் கிழமையே கோயிலுக்குப் போய் நூறு தேங்காய் உடைத்திருப்பேன்.

இவர் தலையை ஆட்டினார். லொறிக்கு இடம் விட வேண்டுமே என்று காரை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வேலியோடு ஒதுக்கினார். வேலிக் கிளை கண்ணாடியில் உரசியது. வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, முன்னால் பார்த்தபடி, பொறுமையாக, அந்த லொறி என் பக்கத்தால் போகும் வரைக்கும் காத்துக்கொண்டிருந்தார். ட்ராக்டர்காரன் கையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வைக்கோல் துரும்புகள் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டின.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"போயிட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம். போயிட்டுது" என்றேன். "பின்னாலை இன்னொண்டு வருது."